இலை மேல் வெள்ளையா, இலையே வெள்ளையா?

மீன் தொட்டிச் செடி வெளுத்துவிட்டது என்று யாராவது போட்டோ அனுப்பினால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "விரலால் தேய்த்துப் பார்த்தீர்களா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் ஒரு பாட்டில் அயர்ன், அதாவது செடிக்கான இரும்புச் சத்து, வாங்கி ஊற்றியிருப்பார்கள். குறை சொல்லவில்லை. நானும் ஊற்றியவள்தான், இரண்டு மாதம்.

என் தொட்டி மூன்றடி. மண், கல் எல்லாம் போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். வீடு தாம்பரம் பக்கம், தண்ணீர் போர் தண்ணீர். கெய்சர் காயிலில் வருஷத்துக்கு ஒருமுறை உப்பைத் தட்டி எடுக்கிற வீடு என்று சொன்னால் புரிந்துவிடும். அந்தத் தண்ணீரில் நாடா போல நீளமாக வளரும் வாலிஸ்நேரியாவை வைத்திருந்தேன். ஆறு வாரத்தில் இலைகள் மேல் சாம்பல் பூசின மாதிரி ஒரு வெண்மை. செடி வாங்கிய கடையில் கேட்டேன். "வெள்ளைன்னா அயர்ன் இல்லைங்க மேடம்" என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஊற்ற ஊற்ற கண்ணாடியில் பாசி ஏறியதுதான் மிச்சம்.

இப்போது நான் செய்வது இது. நன்றாக வெளுத்த இலை ஒன்றைக் கிள்ளி வெளியே எடுப்பேன். கறுப்பு பிளாஸ்டிக் கவர் ஏதாவது இருந்தால் அதன் மேல் விரித்து வைப்பேன். எவர்சில்வர் தட்டில் வைத்தால் பளபளப்பில் ஒன்றும் தெரியாது. பிறகு கட்டைவிரலால் இலையின் மேல்பக்கத்தை அழுத்தித் தேய்ப்பேன். கீழ்ப்பக்கத்தையும் தேய்ப்பேன். மூன்றில் ஒன்று நடக்கும். நறநறவென்று மணல் போல விரலில் ஒட்டினால் அது உப்புப் படிவு. வழவழவென்று சளி போல வழுக்கினால் பூஞ்சை, அல்லது அழுகல். எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளை போகவில்லை, இலையின் சதையே வெளுத்திருக்கிறது என்றால் அது சத்துக் குறை, அல்லது செடிக்கு நேர்ந்த வேறு ஏதோ விபத்து. இந்த மூன்றுக்கும் வைத்தியம் முழுக்க வேறு வேறு.

நறநறப்பு என்றால் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. இலையைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, வெள்ளை இருக்கும் இடத்தில் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். வினிகர் இல்லையா, எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள். படிந்திருப்பது கால்சியம் கார்பனேட் என்றால் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்காது. ஊசிமுனை அளவுக் குமிழிகள்தான். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், அல்லது லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் அந்த இடம் மட்டும் பச்சையாகத் திரும்பியிருக்கும். முதல்முறை இதைப் பார்த்தபோது இரண்டு மாத அயர்ன் காசு கண்முன் வந்து போனது. இன்னொன்று: இதைத் தொட்டிக்கு வெளியே, கிள்ளிய இலையில்தான் செய்ய வேண்டும். தொட்டிக்குள் வினிகரை ஊற்றிவிட்டு மீன் போச்சே என்று வரக்கூடாது.

இந்த உப்பு இலை மேல் ஏன் உட்காருகிறது என்று தெரிந்துகொண்டால் வைத்தியம் தானாக விளங்கும். பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்து, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து, குமிழி எண்ணியது ஞாபகம் இருக்கிறதா? அப்போது டீச்சர் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடச் சொல்லுவார். அந்தச் சோடா உப்பு பைகார்பனேட். தண்ணீரில் கரியமில வாயு தீர்ந்துபோனால் ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, எகேரியா மாதிரி செடிகள் பைகார்பனேட்டை உடைத்து அதிலிருந்து கரியை (கார்பனை) பிடுங்கிக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது இலையின் மேற்பரப்பை ஒட்டிய தண்ணீரில் காரம் ஏறும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் அந்த இடத்திலேயே கெட்டியாகிப் படிந்துவிடும். கெய்சர் காயிலில் சூடு செய்கிற வேலையை இங்கே இலை செய்கிறது. ஹைட்ரில்லா மாதிரி மெல்லிய தட்டை இலைகளில் மேல்பக்கம்தான் அதிகம் வெளுக்கும்; கீழ்ப்பக்கம் கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கும். இரண்டு பக்கமும் தேய்க்கச் சொன்னது அதற்குத்தான்.

தண்ணீரின் காரத்தை அளக்கும் பி.எச். டெஸ்ட் கிட் இருந்தால் காலையில் விளக்கு போடும் முன் ஒருமுறை, இரவு விளக்கு அணைக்கும் முன் ஒருமுறை பாருங்கள். என் தொட்டியில் காலையில் 7.6, இரவில் 8.6. ஒரே நாளில் இவ்வளவு ஏறினால் செடி பட்டினியில் பைகார்பனேட்டைத் தின்கிறது என்று அர்த்தம். கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கடலோரப் பக்கத்துத் தண்ணீரில் டி.டி.எஸ். எகிறியிருக்கும், ஆனால் அதில் பாதி சாப்பாட்டு உப்பாகவே இருக்கலாம். அது இலையில் இப்படிப் படியாது. சோப்பு நுரைக்கவில்லை, பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழுகிறது என்றால் அதுதான் நாம் பேசுகிற தண்ணீர்.

சரி, என்ன செய்வது? நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கரி போதவில்லை என்று தெரிந்ததும் கடையில் 'லிக்விட் கார்பன்' என்று விற்கிற பாட்டிலை வாங்கி, மூடியில் போட்டிருந்த அளவு தினமும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் வாலிஸ்நேரியா கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கரைந்தது. அந்த வகைப் பாட்டில்களில் பலவற்றில் இருப்பது குளூட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்துகிற சரக்கு. சில செடிகள் தாங்கும். வாலிஸ்நேரியாவும் எகேரியாவும் தாங்காது. உப்புக்கு வைத்தியம் பார்க்கப் போய் செடியைக் காலி பண்ணினேன். நல்லவேளை, மண்ணுக்குள் கிழங்கடி தப்பித்தது.

பலித்தது மூன்று விஷயம். தண்ணீர் மாற்றும்போது பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்தேன். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைத் தண்ணீரே போதும். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மாடியில் திறந்தவெளியில் நேராக டிரம் வைத்துப் பிடியுங்கள். சுண்ணாம்பு அடித்த தளத்தில் ஓடி வருகிற தண்ணீர் வேண்டாம். முழுக்க முழுக்க ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீரில் நிரப்பவும் வேண்டாம், அதில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் இருக்காது. அடுத்து, பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஏழு மணி நேரமாகக் குறைத்தேன். வெளிச்சம் குறைந்தால் செடியின் பசியும் குறையும். மூன்றாவது, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட இரண்டு லிட்டர் பாட்டிலிலிருந்து குழாய் வழியாகக் கொஞ்சம் கரியமில வாயு விட்டேன். இது ராத்திரியும் வந்துகொண்டிருக்கும். அதனால் விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடட்டும். காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் வாயு அதிகம்.

அப்புறம் அந்த வெள்ளைக் கூழாங்கல். பார்க்க அழகாக இருக்கிறதே என்று தரைக்கு மார்பிள் சில்லு பரப்பியிருந்தேன். அதன் மேலும் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் எடுத்துவிடுங்கள். நீங்கள் மெனக்கெட்டு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தாலும் அது மெல்லக் கரைந்து மறுபடி கடினமாக்கிவிடும். சங்கு, சிப்பி அலங்காரமும் அதே ஜாதிதான்.

ஏற்கனவே படிந்த இலையைச் சுரண்டிச் சுத்தம் பண்ண முயல வேண்டாம், கிழிந்துவிடும். புது இலை சுத்தமாக வர ஆரம்பித்ததும் பழசை அடியோடு வெட்டிவிடுங்கள். எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

இனி தேய்த்தாலும் போகாத வெள்ளை. இதைக் கற்றுக்கொடுத்தது மீன்காரர் யாரும் இல்லை, என் சித்தப்பா. திண்டிவனம் பக்கம் கடலை போடுகிறவர். கல்யாணத்துக்கு வந்தவர் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் நின்றார். அப்போது என்னிடம் வாட்டர் விஸ்டேரியா இருந்தது. வாய்க்கால் ஓரம் முள்ளோடு நிற்கும் நம் நீர்முள்ளிக்கு நெருங்கிய சொந்தம் இது, ஒரே பேரினம். அதன் கொழுந்து ஒரு மாதமாக வெளுத்துக்கொண்டே வந்தது. வாலிஸ்நேரியாவில் பட்ட சூடு இருந்ததால் இதுவும் உப்புதான் என்று முடிவு கட்டி, ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தேன். தேய்த்தும் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வராததற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கத்தான் தோன்றவில்லை.

"என்னம்மா, கடலை வெளுத்த மாதிரி வெளுத்து நிக்குது? அன்னபேதி அடிக்கலையா?" என்றார்.

"இது தண்ணிச் செடி சித்தப்பா."

"எந்தச் செடியா இருந்தா என்ன? நுனி இலை வெளுத்திருக்கு, நரம்பு மட்டும் பச்சையா ஓடுது, அடி இலை நல்லா இருக்கு. இரும்பு பத்தலை."

அவர் சொன்னது அத்தனையும் சரி. இரும்பு செடிக்குள் இடம் மாறாத சத்து. பழைய இலையில் போய் உட்கார்ந்த இரும்பைப் பிடுங்கிக் கொழுந்துக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. அதனால் பற்றாக்குறை கொழுந்தில்தான் தெரியும்: முதலில் வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, முற்றினால் கொழுந்தே காகிதம் மாதிரி வெள்ளை. நைட்ரஜன், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் நேர்மாறு. செடி அவற்றை அடி இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அடி இலை வெளுக்கும், மேலே பசுமையாக இருக்கும். ஆகவே இலையின் சதை வெளுத்திருந்தால் கேட்க வேண்டிய கேள்வி, வெளுத்தது கொழுந்தா, அடியா என்பதுதான்.

சித்தப்பாவின் நோய்க்கணிப்பு சரி, மருந்து மட்டும் தொட்டிக்கு ஆகாது. அன்னபேதி வெறும் பெரஸ் சல்பேட். வயலில் இலை மேல் தெளிக்கிறார்கள், இலை உறிஞ்சிக்கொள்கிறது. தொட்டித் தண்ணீரில் போட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருவாகிப் பழுப்பாக அடியில் இறங்கும். தொட்டிக்கு வேண்டியது கீலேட் செய்த இரும்பு, அதாவது துருவாகிவிடாமல் வேறொரு பொருள் பிடித்துவைத்திருக்கும் இரும்பு. அதிலும் ஒரு சங்கதி. நான் முன்பு ஊற்றிய பாட்டிலில் இருந்தது ஈ.டி.டி.ஏ. இரும்பு. பி.எச். 6.5 தாண்டினாலே அதன் பிடி தளர ஆரம்பிக்கும். எட்டைத் தொடும் தண்ணீரில் வாரம் ஒருமுறை ஊற்றினால் செடிக்குக் கிடைப்பது சொற்பம். டி.டி.பி.ஏ. இரும்பு ஏறக்குறைய 7.5 வரை தாக்குப்பிடிக்கும். ஈ.டி.டி.எச்.ஏ. இன்னும் மேலே போகும், ஆனால் தண்ணீர் ரோஸ் கலரில் நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

உரக்கடையில் டி.டி.பி.ஏ. இரும்பு என்று கேட்டால் 11 சதவீதப் பொடி கிடைக்கும். பொடியை ஒவ்வொரு தடவையும் நிறுக்க முடியாது. 10 கிராமை 500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படாத பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதில் 5 மில்லி எடுத்தால் 100 லிட்டருக்கு 0.1 பி.பி.எம். (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) இரும்பு சேரும். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் அவ்வளவுதான் விட்டேன். மொத்தமாக ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுவதுதான் காரத் தண்ணீருக்குச் சரி. 'மைக்ரோ மிக்ஸ்' என்று எல்லாம் சேர்ந்த பொடி வாங்கினால் அதில் தாமிரம் எவ்வளவு என்று பாருங்கள். இறால் வளர்ப்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் விஸ்டேரியாவின் அடுத்த கொழுந்து பச்சையாக விரிந்தது. வெளுத்தது அப்படியே நின்றது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். புதிதாக வருகிற இலைதான் கணக்கு.

அடி இலை வெளுத்தால், நரம்பையும் பாருங்கள். நரம்போடு சேர்த்து இலை முழுக்க மஞ்சளாகி, பிறகு வெளிறி, கடைசியில் கண்ணாடி போல ஆகிறதென்றால் நைட்ரஜன். மீன் குறைவாகவும் செடி நிறையவும் இருக்கும் தொட்டியில் இது சகஜம். உரக்கடையில் 13:0:45 என்று கேளுங்கள், பொட்டாசியம் நைட்ரேட். 100 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் நைட்ரேட் 6 பி.பி.எம். ஏறும், கூடவே பொட்டாசியமும் கிடைக்கும். பக்கத்திலேயே 19:19:19 இருக்கும், விலையும் குறைவு. அதைத் தொடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு, காரத் தண்ணீரில் அது மீனைக் கொல்லும் அம்மோனியாவாக மாறும். அடி இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம். எப்சம் உப்பு ஒரு கிராம் 100 லிட்டருக்கு 1 பி.பி.எம். மக்னீசியம் தரும். அடி இலையில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி வெளிறியிருந்தால் பொட்டாசியம். கொழுந்து வெளிறுவதோடு முறுக்கிக்கொண்டும் சுருங்கியும் வந்தால் கால்சியம், அதுவும் முழு ஆர்.ஓ. தொட்டியில்தான் அநேகமாகப் பார்ப்பீர்கள். எங்கள் போர் தண்ணீரில் அந்தப் பிரச்சினைக்கு வாய்ப்பே இல்லை!

சத்து எதுவும் குறையாமலும் இலை வெளுக்கும். வாங்கி வந்து இரண்டு வாரம் ஆகாத செடி என்றால் பதற வேண்டாம். நர்சரிகளில் பெரும்பாலும் இலையைத் தண்ணீருக்கு வெளியே விட்டுத்தான் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் வாழப் பிறந்ததில்லை. வெளிறிக் கண்ணாடியாகிக் கரையும், அடியிலிருந்து வேறு வடிவத்தில் புது இலை வரும். கிரிப்டோகோரைன் இதில் பேர் போனது. கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்ட்டி ரகம் இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி. இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு மொத்த இலையையும் உதிர்த்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். கரைந்த இலையை மட்டும் வெட்டி எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், மூன்று நான்கு வாரம் பொறுங்கள்.

இன்னும் ஒரு கேலிக்கூத்து. ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மாவில் ரோசானெர்விக் என்று ஒரு ரகம். இலை நரம்பே வெள்ளையாக, இளஞ்சிவப்போடு இருக்கும், அதற்காகத்தான் அதை விற்கிறார்கள். தோழி ஒருத்தி அதற்கு மூன்று வாரம் அயர்ன் போட்டாள். இரும்புக் குறையில் நரம்பு பச்சை, இடைவெளி வெள்ளை. இந்த ரகத்தில் தலைகீழ், நரம்பு வெள்ளை, இடைவெளி பச்சை. அதைப் பார்த்திருந்தால் போதும்.

வழவழப்புக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாகப் போட்ட மரக்கட்டையிலோ அழுகுகிற இலையிலோ பஞ்சு மாதிரி வெள்ளை வந்தால் அழுகும் இலையை வெட்டுங்கள், தீனியைக் குறையுங்கள். கட்டையில் இருப்பதை நத்தையும் இறாலும் தின்றுவிடும். கறுப்புத் தாடிப் பாசிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்ட பிறகு இலை ஓரம் இளஞ்சிவப்பாகி வெளுத்தால், செத்தது பாசி. இலைக்கு ஒன்றுமில்லை, பெராக்சைடை இலை மேல் கொட்டாதவரை.

கடைசியாக, புள்ளிகள். மீனுக்கு வருகிற வெள்ளைப்புள்ளி நோய் செடிக்கு வராது; இலையில் புள்ளியைப் பார்த்து மீன் மருந்து ஊற்ற வேண்டாம். மதியம் தெரிந்து இரவில் காணாமல் போகும் வெள்ளிப் புள்ளி ஆக்சிஜன் குமிழி, சந்தோஷப்படுங்கள். ரவை சிந்தின மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்து, நகத்தால் கீறினாலும் வராதது நெரைட் நத்தையின் முட்டை. நல்ல தண்ணீரில் அதன் குஞ்சு பிழைக்காது, முகத்துவாரத்து உவர்நீர் வேண்டும். ஆனாலும் நத்தை முட்டை போடுவதை நிறுத்தாது. என் ஆனுபியாஸ் இலை ஒன்றில் ஆறு மாதமாகப் பதினொரு முட்டை அப்படியே இருக்கிறது. கண்ணாடியில் இருப்பதைப் பழைய பிளேடால் சுரண்டிவிடுவேன். இலையில் இருப்பதை விட்டுவிட்டேன்.